இரண்டு வயது மன்னர் வாய் திறந்த செய்தி

மழை தவறாதிருக்க. மன்றங்களில் நீதி நிலைத்திருக்க. குழந்தைகள் ஓடும் முற்றங்கள் ஒருநாளும் ஓசையற்றுப் போகாதிருக்க.

கீழைக்கடல் முதல் ஆம்பலாற்றின் தலைவாய் வரை ஒரு குடைக்கீழ்க் கொண்ட பொழிற்காவு நாட்டு மன்னர், கோ இளஞ்சாத்தர் பேரால், அவருடைய அன்னையாரும் அவர் வளரும்வரை ஆட்சிப் பொறுப்பைத் தாங்குபவருமான இளநாகித் தேவியார் விடுக்கும் ஓலை. கருவேங்கை மலைநாட்டுத் தலைவியாரும், மலையரையரின் வாழ்க்கைத் துணைவியாரும், மறைந்த நம் மன்னர் பெருஞ்சாத்தரின் தங்கையாரும், ஆதலால் இளமன்னருக்கு அத்தையாருமான கொற்றிப் பிராட்டியார் கண்டு மகிழ்க. மலைநாட்டில் தேனும் தினையும் பெருகுக. மலையரையரின் வேல் வெற்றியோடு வீடு திரும்புக. தங்கள் செல்வி தத்தை நலமே இருக்க, அவள் வாய் ஓயாதிருக்க.

இறுதியாகச் சொன்ன வாழ்த்து ஓலை மரபில் இல்லாதது. தேவியார் சேர்க்கச் சொன்னார், சேர்த்தாயிற்று. நடந்ததை நடந்தபடியும் சொன்னதைச் சொன்னபடியும் எழுதவேண்டும், அலங்காரம் என்ற பேரில் எதையும் போர்த்தி மூடக்கூடாது என்பதும் அவர் கட்டளை. பிராட்டியார் முன்பே அறிந்தவையும் இதில் வரும். நன்றி சொல்ல வந்தவர் முதலிலிருந்து சொன்னால்தான் மனம் நிறையும் என்று தேவியார் கருதுகிறார்.

மன்னர் பெருஞ்சாத்தர் எதிர்பாராது விண்ணுலகு எய்தியபோது இளமன்னர் குப்புறக் கவிழவும் கற்றிருக்கவில்லை. அந்த வயதிலேயே முடி சூட்டப்பட்டார். முடி சூடியவர் மன்னர், மன்னருக்குரிய முறைகள் யாவும் அவருக்கும் உரியன என்று அவைமுறை காக்கும் அமைச்சர் குவலயராயர் தீர்ப்புச் சொன்னார். குவலயராயர் கெட்டவர் அல்லர். பாட்டனார் காலந்தொட்டு மன்னர்களுக்கு முறை தவறாமல் பணி செய்து வருபவர். மார்பளவு தாடி வைத்தவருக்கும் தொட்டிலில் கால் உதைப்பவருக்கும் வேறுபாடு காண அவருக்கு அதுவரை தேவை நேர்ந்ததில்லை, அவ்வளவுதான்.

பொழிற்காவு நாட்டு முறைப்படி, மன்னர் வாய் திறவாமுன் அவர் எதிரில் எவரும் வாய் திறத்தல் ஆகாது. மன்னரின் திருவடி வெறுந்தரையில் படுதல் ஆகாது. மன்னர் கண் வைத்த பொருள் அவர் கேட்குமுன் கைக்கு வந்து சேரவேண்டும். வளர்ந்த மன்னர்களுக்கு இவை பெருமை சேர்த்திருக்கலாம். நம் இளமன்னருக்கு இவை செய்த காரியமே வேறு. செவிலியர் உதட்டை இறுக்கிக்கொண்டு அவருக்குப் பாலூட்டினர், உதட்டை இறுக்கிக்கொண்டு நீராட்டினர். வெந்நீர் கையில் பட்டுவிட்டால் அடுத்த அறைக்கு ஓடிப்போய்க் கத்திவிட்டு வந்தனர். அவர் எப்போதும் யாரேனும் ஒருவர் இடுப்பில் இருந்தார், அல்லது பட்டு மெத்தையில் இருந்தார். கிலுகிலுப்பையை அவர் கண் தொடுமுன் அது கையில் இருந்தது, ஆகவே எதையும் விரல் நீட்டிக் காட்ட அவருக்கு வேலையில்லை.

தேவியார் சிறிய குடியிலிருந்து இந்தப் பேரரண்மனைக்கு வாழ வந்தவர். முறை தெரியாதவர் என்று ஒரு சொல் எழுந்தால் போதும், ஆட்சிப் பொறுப்பும் அதனோடு பிள்ளையும் கையைவிட்டுப் போகும் என்ற அச்சம் அவருக்கு எந்நேரமும் இருந்தது. ஆகவே அவரும் பேசவில்லை. மகனை மார்போடு அணைத்துக்கொண்டு, மூடிய வாய்க்குள்ளேயே ஒரு மெட்டை முனகுவார். வாய் மூடியிருக்கிறது, ஆகையால் முறை தவறவில்லை. தாய் என்ற பேரில் அவர் செய்யத் துணிந்தது அந்த முனகல் ஒன்றுதான்.

ஓராண்டு நிறைந்து மாதங்கள் ஓடின. இளமன்னர் எழுந்து நிற்கவில்லை. ஒரு சொல்லும் சொல்லவில்லை. பெரிய கண்களை மலர்த்தி எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அரண்மனைக்கு வெளியே ஊமை மன்னர் என்ற பேச்சு மெல்லக் கசிந்தது. இந்நாட்டில் வாக்குமங்கலம் என்று ஒரு சடங்கு உண்டு என்பதைப் பிராட்டியார் அறிவார். மன்னர் இரண்டு வயது நிறையும் நாளில் அவையில் அமர்ந்து, அடியில் துளையிட்ட நாழிகை வட்டில் நீர் ஏறி மூழ்குமுன் தம் வாயால் ஒரு சொல்லேனும் அருளவேண்டும். அருளாதவர் முடியை இறக்கிவைத்துவிட்டு, ஆற்றுக்கு அக்கரையில் உள்ள மோன மடத்துக்குப் போகவேண்டும். அங்கே தாய்க்கு இடமில்லை. முடி போவதைப் பற்றித் தேவியார் கவலைப்பட்டதேயில்லை. பிள்ளை அக்கரைக்குப் போய்விடுவானே என்றுதான் சோறு இறங்காமல் கிடந்தார்.

அந்நிலையில்தான் தாங்கள் தங்கள் தமையனாரின் ஆண்டுத் திதிக்கு வந்தீர்கள், இடுப்பில் தத்தையோடு. இளமன்னரும் தத்தையும் ஒரே பருவத்தில் பிறந்தவர்கள். தத்தை கூடத்தில் இறக்கிவிட்டதும் தட்டுத்தடுமாறி நடந்து மன்னரிடம் போய், காக்கா, பூ, பாப்பா, தா என்று தனக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் அவர் முகத்தில் கொட்டினாள். செவிலியர் வெலவெலத்துப் போனார்கள். இளமன்னர் அவள் வாயையே உற்றுப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, அந்த ஓசை எங்கிருந்து வருகிறது என்று தேடுபவர் போல, விரல்களை அவள் வாய்க்குள் விட்டார். தத்தை கடித்தாள். மன்னர் முதன்முறையாக நாடு கேட்க அழுதார்.

அப்போது தாங்கள் சொன்னதைத் தேவியார் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். "யாரு இவனை ஊமைன்னது? காது குளிர ஒரு வார்த்தை கேட்டிருக்கானா இவன்? குடத்துல தண்ணியே ஊத்தாம, கவிழ்த்துப் பார்த்து ஒண்ணும் வரலைன்னு அழுதா எப்படி?"

குவலயராயருக்கு இது பொறுக்கவில்லை. ஆனால் மன்னர் எதிரில் இருக்கிறாரே, வாய் திறக்க முடியுமா? கையாலும் புருவத்தாலும் மட்டுமே மறுப்புத் தெரிவித்தார். தாங்கள் அதைத் திருநீற்றுக்குக் கை நீட்டுவதாக எண்ணி ஒரு சிட்டிகை எடுத்துக் கொடுத்தீர்கள். பிற்பாடு மந்திராலோசனை மண்டபத்தில் அவர், மன்னர் எல்லை தாண்டுதல் எங்ஙனம் முறையாகும் என்று வினவினார். மருமகன் அத்தை வீட்டு விருந்துக்கு வருவதற்கு எந்த ஆலோசனையும் வேண்டியதில்லை என்று தாங்கள் மறுமொழி பகர்ந்தீர்கள். அத்துடன், "ராசா எல்லாம் உங்க ஊர்ல. எல்லைக்கல்லைத் தாண்டிட்டா இவன் என் அண்ணன் பெத்த பிள்ளை, என் மகளுக்கு முறைப்பையன். தரையில விடுவேன், திட்டுவேன், கொஞ்சுவேன்" என்றும் சொன்னீர்கள். முடிவு தேவியாரிடம் வந்தது. ஆட்சியை விட்டு அவர் நகர முடியாது, பிள்ளையை அனுப்பினால் அவன் முகம் காணாமல் இருக்கவேண்டும். அவர் ஒப்புதல் தந்தார். தந்துவிட்டு, பல்லக்கு கண்ணுக்கு மறையும்வரை வாய்க்குள் முனகிக்கொண்டே மாடத்தில் நின்றார்.

அதன்பின் தேவியாரை உயிரோடு வைத்திருந்தவர்கள் மலையிலிருந்து தேன் சுமந்து வரும் தங்கள் ஆட்களே. அவர்களை முற்றத்தில் உட்காரவைத்து, மோர் கொடுத்து, மன்னர் செய்தி கேட்பார். காவலர் அவர்களைச் செம்மொழியில் விண்ணப்பிக்கச் சொல்லி அதட்டினர், அவர்கள் திருதிருவென்று விழித்தனர், உள்ளபடி சொல்லட்டும் என்று தேவியார் ஆணையிட்டார். முதலில் வந்தவன் சொன்னது: "நம்ம சாத்து விரலை நீட்டிட்டாரும்மா. மரத்துல இருந்த குரங்கைக் காட்டி, 'ஊ' ங்கிறாரு. அவரு காட்ட, நாங்க குரங்கு குரங்குன்னு சொல்ல, பொழுதன்னிக்கும் இதே வேலைதான்." மன்னர் விரல் நீட்டியதற்காக அன்று நகரில் கோயில்தோறும் விளக்கேற்றப்பட்டது. எதற்காக என்று யாருக்கும் சொல்லப்படவில்லை.

பின்னொரு நாள் வந்தவள், சுமையை இறக்குமுன்னரே சொல்லத் தொடங்கினாள்: "நடந்துட்டாரும்மா! தத்தைப் பாப்பா முடியைப் பிடிச்சிட்டு எந்திரிச்சாரு. அது வலி தாங்காம ஓட, இவரும் கூடவே ரெண்டு எட்டு வச்சிட்டாரு. அப்புறம் பொத்துன்னு உக்காந்துட்டாரு. அழலை. தனக்குத்தானே கைதட்டிக்கிட்டாரு." தேவியார் அவளை எழுந்து நின்று, அந்த இரண்டு எட்டையும் வைத்துக் காட்டச் சொன்னார். பொத்தென்று உட்காரவும் சொன்னார். அவளும் செய்தாள். இதுபோல் மீண்டும் மீண்டும் செய்யவைத்ததில், திரும்பி மலையேற அவளுக்குக் கால் வலி கண்டது என்று கேள்வி. அதற்காகத் தேவியார் வருந்துவதாகத் தெரியவில்லை.

சொற்களும் வந்தன. வேணாம் என்பதே முதலில் வலுவாக வந்த சொல் என்று அறிந்தோம். சோறு வேணாம், குளியல் வேணாம், உறக்கம் வேணாம், வேணாம் என்றதை எடுத்துக்கொண்டு போனால் அதுவும் வேணாம். மன்னர் மறுத்த பொருளை மீண்டும் முன்வைத்தல் முறையோ என்று குவலயராயர் கவலையோடு ஆராய்ந்தார். தாம் தின்னும் களியை மன்னர் தம் கையாலேயே அள்ளி, பாதியை வாயிலும் மீதியைத் தலையிலும் வைத்துக்கொள்கிறார் என்ற செய்தி வந்தபோது, அவர் ஆராய்ச்சியைக் கைவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

வாக்குமங்கலம் நெருங்கியது. மலையரையர் போர்முனையில் இருந்ததால் மலைக்காவல் தங்கள் கையில் இருந்தது, தாங்கள் வர இயலவில்லை. தங்கள் செவிலியே இளமன்னரைக் கொண்டுவந்தாள். தேவியார் அரண்மனை வாயிலுக்கே ஓடிவந்து இரு கையும் நீட்டினார். இளமன்னர் செவிலியின் தோளில் முகம் புதைத்துக்கொண்டார். வரமாட்டேன் என்று உடம்பை விறைத்தார். இந்த வயதில் பிள்ளைகள் புதிய முகம் கண்டால் இப்படித்தான் செய்வார்கள் என்று செவிலி ஆறுதல் சொன்னாள். தம் முகம் பிள்ளைக்குப் புதியதாகிவிட்டது என்பதைத் தேவியார் அப்போதுதான் அறிந்துகொண்டார்.

அவர் நெருங்கிப் போகவில்லை. முற்றத்தில் தரையிலேயே அமர்ந்து, மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பேசிக்கொண்டே இருந்தார். முறையாவது ஒன்றாவது! பச்சைக்கட்டை, நீலக்கட்டை, அடடா சாய்கிறதே என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினார். வெயில் தாழும் வேளையில் இளமன்னர் அருகில் வந்தார். கடைசிக் கட்டையைத் தாமே மேலே வைத்தார். வைத்துவிட்டு, தேவியாரின் முகத்தைப் பார்த்து, தெளிவாக, "அண்ணி" என்றார்.

தேவியார் திரும்பிப் பின்னால் யாரேனும் நிற்கிறார்களா என்று பார்த்தார். யாரும் இல்லை. செவிலி கையைப் பிசைந்துகொண்டு உண்மையைச் சொன்னாள். பிள்ளை தாயை மறந்துவிடக்கூடாது என்று, தாங்கள் நாள்தோறும் அவரைப் பாறைமேல் தூக்கி நிறுத்தி, சமவெளியைக் காட்டி, "அதோ பாரு, அங்கதான் அண்ணி இருக்காங்க. அண்ணி உனக்காகக் காத்துட்டு இருக்காங்க. அண்ணிக்கு ஒரு முத்தம் குடு" என்று சொல்லி வந்தீர்களாம். தமையன் மனைவியைத் தாங்கள் எப்போதும் அழைப்பது போலவே அழைத்தீர்கள். பிள்ளையும் அப்படியே பிடித்துக்கொண்டார். தத்தை தங்களை அழைப்பதைக் கேட்டுக் கேட்டு, அம்மா என்றால் தாங்கள் என்றும் பிடித்துக்கொண்டார். தங்களுக்கும் இது சில நாள் கழித்தே உறைத்ததாகவும், திருத்தப் பார்த்ததில் தத்தையும் குழம்பிப்போய்த் தங்களை அத்தை என்று அழைக்கத் தொடங்கியதால் விட்டுவிட்டதாகவும் செவிலி சொன்னாள். தேவியார் சிரித்தார். சிரித்து முடித்துச் சிறிது அழவும் செய்தார். இதை மறைக்கவேண்டாம் என்பது அவர் கட்டளை.

இனிப் பிராட்டியார் அறியாத செய்தி.

வாக்குமங்கல நாளில் அவை நிறைந்திருந்தது. இளமன்னரை அரியணையில் ஏற்றி, முடி சூட்டி, செங்கோலைக் கையில் கொடுத்தனர். நாழிகை வட்டிலை நீரில் மிதக்கவிட்டனர். மன்னர் பேசாமுன் எவரும் பேசலாகாது என்பதால் அவை முழுதும் கப்சிப்பென்று இருந்தது. மலைவீட்டில் நாளெல்லாம் கூச்சலில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. உதட்டைப் பிதுக்கினார். ஒன்றும் சொல்லவில்லை. வட்டிலில் நீர் ஏறிக்கொண்டே இருந்தது. அரியணைக்குப் பக்கத்தில் நின்ற தேவியார், பேசு கண்ணே, வேணாம் என்றாவது சொல் என்று மனத்துக்குள் மன்றாடினார்.

இளமன்னர் குப்புறத் திரும்பி, வயிற்றால் வழுக்கி, அரியணையிலிருந்து இறங்கினார். திருவடி வெறுந்தரையில் பட்டது. குவலயராயர் கண்ணை மூடிக்கொண்டார். மன்னர் தலையிலிருந்த முடியைக் கழற்றி, தரையில் மல்லாக்க வைத்து, அதற்குள் செங்கோலை விட்டுக் கிண்டத் தொடங்கினார். தத்தையோடு ஆடிய சமையல் விளையாட்டு அது என்று செவிலி பின்னர் சொன்னாள். நன்றாகக் கிண்டி, கையால் அள்ளி, ஊதி ஆறவைத்து, தள்ளாடித் தள்ளாடி நடந்து, நேரே குவலயராயரிடம் போனார். வெறுங்கையை அவர் முகத்துக்கு நேரே உயர்த்தி, "ஆ" என்றார்.

குவலயராயருக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை. யாரும் அவருக்கு ஊட்டி எத்தனை காலம் ஆயிற்றோ தெரியாது. அந்தப் பெரிய மனிதர் தம்மை மறந்து குனிந்து, அகலமாக வாயைத் திறந்தார்.

அவை கொதித்தது. மன்னர் சொல் அருளாமுன் முறைகாவலரே வாய் திறந்துவிட்டார் என்றனர் ஒரு சாரார். மன்னர் சொல் அருளிவிட்டார், ஆ என்பது ஓரெழுத்து ஒருமொழி, பசு என்று பொருள், ஆதலால் மன்னரின் முதல் வாக்கு மிகவும் மங்கலமானது என்று அவைப்புலவர் இலக்கணம் காட்டினார். அது சொல் அன்று, வெறும் ஓசை என்றார் வேறொருவர். ஆளுக்கொரு பக்கம் கத்தினர். பெரியவர்களின் அந்தப் பெருங்கூச்சலில் இளமன்னர் மிரண்டுபோனார். சுற்றுமுற்றும் முகங்களைத் தேடினார். தேடிய முகம் அங்கே இல்லை. வட்டில் மூழ்குவதற்குச் சற்றுமுன், அவை முழுதும் கேட்கும்படி, "அம்மா! அம்மா, வா!" என்று கதறினார்.

வாழ்க வாழ்க என்று எழுந்த முழக்கத்தில் தூணிலிருந்த புறாக்கள் பறந்தன. ஒரு சொல் கேட்டோம், ஈராண்டுப் பிள்ளை இரு சொல்லைச் சேர்த்து வாக்கியமே அருளிவிட்டார் என்று அவைப்புலவர் கண்ணீர் விட்டார். எல்லோரும் தேவியாரையே பார்த்தனர். ஈன்ற தாயை மன்னர் அவையில் அழைத்தார் என்று மகிழ்ந்தனர். தேவியார் முன்வந்து பிள்ளையை வாரி எடுத்தார். இளமன்னர் விசும்பிக்கொண்டே அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதோரம், அவருக்கு மட்டும் கேட்கும்படி வினவினார். "அண்ணி... அம்மா?"

முடி நிலைத்தது. அக்கரை மடத்துக்கு இனி இளமன்னர் போகவேண்டியதில்லை. மன்னர் எதிரில் அனைவரும் தாராளமாகப் பேசலாம் என்றும், ஐந்து வயது நிறையும்வரை அவருக்குச் செருப்பும் மெத்தையும் கட்டாயமில்லை என்றும் குவலயராயரே எழுதிக்கொண்டுவந்து ஒப்பம் கேட்டார். அவர் இப்போது நாள்தோறும் காலையில் வந்து, கண் எங்கே, காது எங்கே என்று கேட்டு, தம் மீசையை மன்னரிடம் இழுக்கக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

இத்தனையும் தங்களால் வந்தது. எம் பிள்ளைக்குக் காலும் விரலும் நாவும் தந்தது மலைநாடு. மறுக்கக் கற்றுத்தந்தீர்கள், விழுந்தால் கைதட்டிக்கொள்ளக் கற்றுத்தந்தீர்கள், பாதிக் களியைத் தலையில் பூசிக்கொள்ளவும் விட்டீர்கள். பெற்றவள் வாய் மூடி நின்ற காலத்தில் வாய் ஓயாமல் பேசி அவனை மனிதனாக்கினீர்கள். அம்மா என்ற அழைப்பு தங்களுக்குப் போனதில் தேவியாருக்கு ஒரு கணம் நெஞ்சு வலித்தது உண்மை. அது தங்களுக்கு உரியதே என்று மறுகணம் தோன்றியதும் உண்மை. இந்த நன்றிக்கு ஈடாக அனுப்பத் தகுந்த பொருள் எதுவும் பொழிற்காவு நாட்டுக் களஞ்சியத்தில் இல்லை. ஆகையால் எதுவும் அனுப்பவில்லை.

எனினும் ஓர் ஆணை உண்டு. வாக்குமங்கலத்தில் மன்னர் அருளும் சொல் இந்நாட்டுச் சட்டம். அதை நிறைவேற்றாமல் விடுதல் கூடாது. தேவியார் இரண்டடி முன்வந்ததும் அது நிறைவேறிவிட்டதாக அவை எண்ணிக்கொண்டிருக்கிறது. யாரை நோக்கி எழுந்த ஆணை என்பது தேவியாருக்குத் தெரியும், செவிலிக்குத் தெரியும், இதை எழுதும் கைக்குத் தெரியும், இனித் தங்களுக்கும் தெரியும். ஆதலால் இவ்வோலைக்குப் படி எடுக்கப்படவில்லை. மலையரையர் வந்து காவல் ஏற்றதும், தத்தையையும் அழைத்துக்கொண்டு, கால தாமதமின்றித் தாங்கள் ஆம்பல்மாநகர் எழுந்தருளவேண்டும். இவ்வாணையைக் கடப்பவர், இளமன்னர் அன்றாடம் மலைப்பாதை தொடங்கும் வடக்கு வாயிலைப் பார்த்து நிற்கும் பாவத்துக்கு உள்ளாவார். எழுந்தருளுக என்று எழுதுவதே மரபு. மன்னர் திருவாக்கை மாற்றக்கூடாது என்பதால் உள்ளபடியே பொறிக்கப்படுகிறது:

அம்மா, வா.

இது கோ இளஞ்சாத்தர் ஆணை. இப்படிக்கு ஓலைநாயகம் காரி எயினன் எழுத்து. களிமண் முத்திரையில் ஆம்பல் இலச்சினைக்கு மேல் மன்னர் தம் உள்ளங்கையையும் அழுத்திவிட்டார். துடைக்கவேண்டாம் என்று உத்தரவு. இதன்கீழ் உள்ளது தேவியார் தம் கையால் கீறியது.

கொற்றி, அவன் உன்னைக் கூப்பிடுகிறான். நானும்தான். சீக்கிரம் வா.

உங்கள் இருவருக்கும்,
அண்ணி.